யார் தலைக்கு அந்தப் பூ?

லோயர் கேம்ப்,
18.6.1973

அன்புள்ள சோணைக்கு,

பேச்சிமுத்து எழுதுவது. நான் இங்கே சுகம். நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் முழங்கால் தைலம் தீர்ந்திருந்தால் எழுது, வாங்கி அனுப்புகிறேன்.

மஞ்சளாறு அணையிலிருந்து என்னை இங்கே மாற்றி இருபது நாளாகிறது. அதே லஸ்கர் வேலைதான். மதகைத் திறக்க வேண்டும், மூட வேண்டும், பல்சக்கரத்துக்குக் கிரீஸ் போட வேண்டும், தண்ணீர் மட்டத்தை நோட்டில் எழுத வேண்டும். முதல் போகத்துக்குத் தண்ணீர் விட்டாயிற்று. இரவும் பகலும் ஒரே இரைச்சல். குவார்ட்டர்ஸ் என்பது ஒற்றை அறை. சமையல் நானே செய்துகொள்கிறேன். குழம்பு சில நாள் நன்றாக வருகிறது.

வேறு விசேஷம் இல்லை. ஒன்று இருக்கிறது, அதை எழுதலாமா என்று யோசித்தேன். காலியான கிரீஸ் டின் ஒன்றில் மண் போட்டு ஒரு குச்சியை நட்டு வைத்திருந்தேன். விரல் நீளம்தான் இருக்கும். அது இன்றைக்குப் பூத்தது. காலையில் நான் பல் துலக்கும்போது மூடிக் கிடந்தது. ஒன்பதரைக்கு நோட்டு எழுத வந்தபோது பார்த்தால் விரிந்திருக்கிறது. என்ன நிறம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அறுத்து வைத்த பீட்ரூட் மாதிரி. அந்தக் கறுப்புக் கிரீஸ் டின்னில் அது உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நோட்டை எழுத மறந்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
பேச்சிமுத்து


கெங்குவார்பட்டி,
25.6.1973

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

சோணையம்மாள் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. அத்தைக்கு வலி அப்படியே இருக்கிறது, வாயும் அப்படியே இருக்கிறது. கத்திரித் தோட்டத்தில் பூச்சி. தைலம் அனுப்புங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தது சந்தோஷத்தில். இரண்டாவது முறை படித்தது வேறு காரணத்துக்கு.

நமக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். வாராவாரம் பெரியகுளம் சந்தைக்குப் போய் வந்தீர்கள். ஒரு நாளாவது ஒரு முழம் மல்லிகை என் கையில் தந்ததுண்டா? நானே வாய்விட்டுக் கேட்டேன். "பூவா? ராத்திரிக்குள்ள வாடிப்போகும். அந்தக் காசுக்கு வெங்காயம் வாங்கலாம்" என்று சொன்ன வாய்தானே இது? அந்த மனுஷன் இன்றைக்குப் பூவைப் பார்த்துக்கொண்டு வேலையை மறந்து நின்றாராம்! கேட்டால் அணைக்கட்டு ஆபீசே சிரிக்கும்.

பூ என்றால் தலைக்கு, இல்லாவிட்டால் சாமிக்கு. உங்கள் ஒற்றை அறையில் சாமி படம்கூட இல்லை என்று நீங்களே போய்ச் சேர்ந்ததும் போட்ட கார்டில் எழுதினீர்கள். அப்படியானால் யார் தலைக்கு அந்தப் பூ? குச்சி தானாக நடந்து வந்து டின்னுக்குள் ஏறிக்கொண்டதா? யார் தந்தது?

பதில் உடனே போடுங்கள்.

சோணையம்மாள்


லோயர் கேம்ப்,
16.7.1973

அன்புள்ள சோணைக்கு,

பேச்சிமுத்து எழுதுவது. சுகம். தைலம் இரண்டு புட்டி பார்சலில் வருகிறது. பூச்சிக்கு வேப்பெண்ணெய் கலந்து அடி.

நீ கேட்டதற்கு எழுதுகிறேன். அந்தப் பூவை யாரும் தலையில் வைக்க முடியாது. தொடுக்கக் காம்பே கிடையாது. பறித்தால் கைக்குள்ளேயே சுருண்டுவிடும். சாமிக்கும் யாரும் போடுவதில்லை. வாசனையும் இல்லை. நாம் பட்டுரோஸ் என்கிறோமே, அதுதான். இங்கே மலையாளத்தார் பத்துமணிப் பூ என்கிறார்கள். வெயில் ஏறினால் விரியும், சாயங்காலத்துக்குள் மூடிவிடும். சும்மா பார்க்கத்தான் ஆகும். அதனால்தானோ என்னவோ எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்போது ஐந்து டின் ஆகிவிட்டது. மஞ்சள், வெள்ளை, ரோஸ். ஒரு உடைந்த சட்டியில் காசித்தும்பையும் இருக்கிறது. நேற்று மஞ்சள் பூவுக்குள் ஒரு சின்ன வண்டு புரண்டது. வெளியே வரும்போது கடலை மாவில் விழுந்து எழுந்த மாதிரி வந்தது. நான் தனியாகச் சிரித்தேன்.

விதையே வேண்டாம் இதற்கு. ஒடித்து நட்டால் பிழைத்துக்கொள்கிறது.

தெரிந்த ஒருவர் கொடுத்தார். வேறு ஒன்றும் இல்லை.

பேச்சிமுத்து


கெங்குவார்பட்டி,
23.7.1973

மாமாவுக்கு,

சோணையம்மாள் எழுதிக்கொண்டது. தைலம் வந்தது. அத்தை தேய்த்துக்கொண்டார்கள். சுகம் என்று எழுதுவது வழக்கம், அதனால் சுகம்.

'தெரிந்த ஒருவர்'. ஆம்பளையா, பொம்பளையா? அதை எழுதினால் மை தீர்ந்துபோகுமா? எனக்குத் தெரியாத அந்தத் தெரிந்தவர் யார்? மலையாளத்தார் அந்தப் பூவுக்கு என்ன பேர் வைத்திருக்கிறார்கள் என்பதுவரை உங்களுக்குச் சொல்லிக் கொடுத்த வாத்தியாரம்மா யார்?

இங்கே என் நிலைமை உங்களுக்குத் தெரிய வேண்டும். போன வெள்ளிக்கிழமை அத்தை கோம்பைக்குப் போய் வந்தார்கள். முழங்கால் வலிக்கிறவர்கள் மூன்று பஸ் மாறிப் போனார்கள். ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்து என் முன்னாலேயே பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்கிறார்கள்: "நல்ல வாளிப்பான புள்ள ஆத்தா. வீட்டுல ஏழு பேரு பொறந்தாக. எம் மவனுக்கும் ஒரு வாரிசு வேண்டாமா?" நான் அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டேன். புகை நல்லதாகப் போயிற்று.

எதிர்வீட்டு வளைகாப்புக்கு என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட மாட்டார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன்.

சித்திரையில் வீரபாண்டி மாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுத்தேனே, இடது உள்ளங்கையில் கொப்புளம் உடைந்த இடம் இன்னும் கறுப்பாக இருக்கிறது. வேப்பிலையைப் பிடித்துக்கொண்டு நீங்களும்தான் கூட நடந்து வந்தீர்கள். அது பிள்ளைக்காக எடுத்தது. இப்போது இருக்கிற புருஷனும் போய்விடாமல் இருக்க இன்னொரு சட்டி எடுக்க வேண்டும் போல.

என் மேல் மனசு இருந்தால் அந்தச் செடிகளைத் தூக்கி வாய்க்காலில் போடுங்கள். போட்டுவிட்டு எழுதுங்கள்.

சோணையம்மாள்


லோயர் கேம்ப்,
10.9.1973

சோணைக்கு,

சுகம். பதில் போடத் தாமதம். மழை, மதகு வேலை.

செடிகளை எடுத்துப் போட்டுவிட்டேன். இனிமேல் அதைப் பற்றி எழுதவில்லை.

கோம்பைப் பேச்சு வேண்டாம் என்று அம்மாவிடம் சொல். நான் சொன்னதாகச் சொல்.

பேச்சிமுத்து


கம்பம்,
14.10.1973

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சுருளி எழுதுவது. நான் நலம். லாரிக்குப் பிரேக் சரியில்லாததால் கம்பத்தில் நிற்கிறோம். அதனால் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது.

நீ சொன்னபடி வியாழக்கிழமை கோட்டயத்துக்குத் தக்காளி ஏற்றிப் போகிற வழியில் லோயர் கேம்பில் இறங்கி மச்சான் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். மச்சான் இல்லை. கதவில் பூட்டு. பின்பக்கம் சுற்றிப் போனேன். அக்கா, மனசைத் திடப்படுத்திக்கொள். செடிகளைப் போடவில்லை. எண்ணினேன். பத்தொன்பது டின், மூன்று சட்டி, பிடி போன ஒரு வாளி. வரிசையாகச் செங்கல் மேல் வைத்து, தண்ணீர் ஊற்றி, மண்ணைக் கிளறிவிட்டு, அவ்வளவு பக்குவம். உள்ளபடி சொல்கிறேன், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பாய். வளையல், ரிப்பன் என்று எதுவும் கண்ணில் படவில்லை. ஒளித்து வைத்திருக்கலாம்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மலைச்சாமி என்கிற வாட்ச்மேனிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பேச்சிமுத்து அண்ணனா? மாசத்துல ஒரு வியாழக்கிழமை மலையேறிக் குமுளிக்குப் போவாக. அன்னைக்கு மட்டும் வெள்ளைச் சட்டை போடுவாக. வரும்போது ஒரு பொட்டணத்துல செடி கொண்டாருவாக. அங்கன யாரு இருக்கான்னு கேட்டா வாயே தொறக்க மாட்டாக."

இன்னொன்றும் சொன்னார். மச்சானை இங்கே யாரும் மாற்றவில்லையாம். அவரே மனுக் கொடுத்துக் கேட்டு வாங்கி வந்தாராம். "இந்தக் குளிருக்குள்ள யாருய்யா கேட்டு வருவா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

நான் என்ன செய்ய வேண்டும், எழுது. ஆள் கூட்டி வரச் சொன்னாலும் வருகிறேன்.

சுருளி


கெங்குவார்பட்டி,
18.10.1973

பேச்சிமுத்து அவர்களுக்கு,

நலம் விசாரிக்க எனக்குத் தெம்பில்லை.

வாய்க்காலில் போட்ட செடி பத்தொன்பது டின்னில் எப்படி முளைத்தது? குமுளியில் வியாழக்கிழமை யாருக்கு வெள்ளைச் சட்டை? என் தம்பி கண்ணால் பார்த்தான், காதால் கேட்டான். மாற்றல் நீங்களே கேட்டு வாங்கியது. நான் பைத்தியக்காரி, பெரியகுளத்துக்கு நடந்துபோய் "எம் புருசனை இங்கன திருப்பிப் போடுங்க" என்று ஆபீசர் காலில் விழக் கிளம்பியவள். விழுந்திருந்தால் அந்த ஆபீசர் என் முகத்துக்கு நேரே சிரித்திருப்பார்.

அவளுக்குப் பிள்ளை உண்டா? அதை மட்டும் சொல்லிவிடுங்கள். உண்டு என்றால் நான் என் அப்பா வீட்டுக்குப் போகிறேன். கோம்பைப் பெண்ணும் பிழைத்துக்கொள்வாள், அத்தைக்கும் பஸ் சார்ஜ் மிச்சம்.

தீபாவளிக்கு வர வேண்டாம். உண்மையை எழுதினால் படிப்பேன். பூவைப் பற்றி எழுதினால் அடுப்பில் போடுவேன்.

சோணையம்மாள்


லோயர் கேம்ப்,
9.12.1973

சோணை,

ஏழு வாரமாக இதை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். பூவைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. அடுப்பில் போடுவதற்கு முன்னால் கடைசி வரை படி.

குமுளியில் யாரும் இல்லை. அங்கே ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது. போன மாசியில் ஆபீஸ் வேலையாகக் கூடலூர் போகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டு அங்கேதான் போனேன். பரிசோதனை செய்தார்கள். குறை உன்னிடத்தில் இல்லை. என்னிடத்தில். பதினேழு வயதில் எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து ஒரு மாதம் படுத்துக் கிடந்தேன் அல்லவா, அதனால் இருக்கலாம் என்றார் டாக்டர். மாதம் ஒரு வியாழக்கிழமை வரச் சொல்லி மாத்திரை தருகிறார்கள். அவரே நம்பித் தரவில்லை, முகத்தைப் பார்த்தால் தெரிகிறது.

அந்த முதல் நாள் பேரைக் கூப்பிட மூன்று மணி நேரம் ஆயிற்று. பெஞ்சு நிறையப் பெண்கள். ஆம்பளை நான் ஒருவன். தெரிந்த முகம் யாராவது வந்துவிடுமோ என்று சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். சுவர் ஓரத்தில் மருந்து டப்பாக்களில் செடி வைத்திருந்தார்கள். பார்க்க வேறு ஒன்றும் இல்லாததால் அதைப் பார்த்தேன். மூடிக் கிடந்தது என் கண் முன்னாலேயே மெல்ல விரிந்தது. எனக்கு முப்பத்திநாலு வயது, சோணை. அதுவரைக்கும் ஒரு பூ விரிவதை நான் பார்த்ததே இல்லை. டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு வெளியே வந்தும் அங்கேயே போய் உட்கார்ந்தேன். அந்த ஆஸ்பத்திரி பெருக்குகிற வர்க்கி என்கிற பெரியவர் ஒன்றும் கேட்காமல் ஒரு குச்சியை ஒடித்துக் காகிதத்தில் சுற்றித் தந்தார். தெரிந்த ஒருவர் அவர்தான். அந்தக் குச்சி மஞ்சளாற்றிலேயே பட்டுப்போயிற்று. இங்கே வந்த பிறகு மறுபடி தந்தார்.

அம்மா பெண் பார்க்கத் தொடங்கியதும் சொல்லிவிட நினைத்தேன். வாய் வரவில்லை. தூரமாகப் போய்விட்டால் அந்தப் பேச்சு நின்றுவிடும் என்று மாற்றல் கேட்டேன்.

செடிகளைப் போட்டேன் என்றது பொய். போட மனசு வரவில்லை. இந்த இடத்தில் என்னை வெட்கப்பட வைக்காதது அது ஒன்றுதான்.

இனி உன் இஷ்டம்.

பேச்சிமுத்து


கெங்குவார்பட்டி,
20.12.1973

மாமாவுக்கு,

சோணையம்மாள் எழுதிக்கொண்டது. கடிதத்தை அடுப்பில் போடவில்லை. அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன்.

குமுளியில் ஒருத்தி இல்லை என்றதும் முதலில் மூச்சு வந்தது. சாமியைக் கும்பிட்டேன். பிறகு பாத்திரம் கழுவ உட்கார்ந்தேன், உள்ளங்கையைப் பார்த்தேன். மாசியில் உங்களுக்குத் தெரியும். சித்திரையில் நான் அக்கினிச்சட்டி எடுத்தேன். தெரிந்துகொண்டேதான் கூட நடந்து வந்தீர்களா? "சூடு பொறுக்குதா சோணை?" என்று கேட்டீர்களே, அப்போதும் தெரியுமா? எப்படி மாமா முடிந்தது? ஒருத்தி இருந்திருந்தால்கூட நான் இவ்வளவு அழுதிருக்க மாட்டேன்.

உங்களுக்கு வெட்கம் வந்தால் திரும்பி உட்கார ஒரு சுவர் இருந்தது. பார்த்து ஆறுதல் அடைய ஒரு பூ இருந்தது. எனக்கு என்ன இருந்தது? மலடி என்ற பேர் இருந்தது. உங்கள் பேரை நான் ஒன்பது வருஷமாகச் சுமந்திருக்கிறேன். தெரியாமல் சுமந்த எட்டு வருஷத்தை விட்டுவிடுகிறேன். இந்தப் பத்து மாதத்தை எப்படி விட?

குறை யாருக்கும் வரும். அதற்காக உங்களை நான் விடமாட்டேன், அது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் இதை நான் போய் அத்தையிடம் சொல்ல மாட்டேன். நான் சொன்னால் "தன் குறையை எம் மவன் தலையில கட்டுறா" என்பார்கள். நீங்கள்தான் சொல்ல வேண்டும். இன்லண்டு லெட்டர் வேண்டாம். அது ஒட்டி வருகிறது, அத்தைக்கு நான்தான் படித்துக் காட்ட வேண்டிவரும். திறந்த கார்டில் எழுதுங்கள், அத்தை பேருக்கே எழுதுங்கள். தபால்காரர் ஜேசுராஜ் வாசலில் நின்று எப்போதும்போலச் சத்தமாகப் படிப்பார். அந்த நேரத்தில் குழாயடியில் யார் யார் நிற்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். என்னை மலடி என்று சொன்னதும் அவர்கள்தான்.

கார்டு வரும் வரைக்கும் நான் எழுத மாட்டேன்.

சோணையம்மாள்


(கார்டு)

லோயர் கேம்ப்,
21.1.1974

பெறுநர்: திருமதி மூக்கம்மாள், கிழக்குத் தெரு, கெங்குவார்பட்டி.

அம்மாவுக்கு மகன் பேச்சிமுத்து எழுதுவது. பொங்கலுக்கு வர முகம் இல்லாமல் வரவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லாததற்குச் சோணை காரணம் இல்லை. நான்தான் காரணம். டாக்டர் பரிசோதித்துச் சொல்லிவிட்டார். போன மாசியிலேயே எனக்குத் தெரியும். சொல்லாமல் இருந்தது என் தப்பு. கோம்பைப் பெண்ணுக்கு வேறு நல்ல இடம் பார்க்கச் சொல்லுங்கள். யார் கேட்டாலும் இதைச் சொல்லலாம். பேச்சிமுத்து.


கெங்குவார்பட்டி,
30.1.1974

மாமாவுக்கு,

சோணையம்மாள் எழுதிக்கொண்டது. நான் சுகம். அத்தையும் சுகம்தான்.

கார்டு வெள்ளிக்கிழமை வந்தது. ஜேசுராஜ் அண்ணன் வழக்கம்போல "மூக்கம்மா, மவன் எழுதியிருக்காக" என்று கூவிக்கொண்டு வந்து படிக்கத் தொடங்கினார். 'நான்தான் காரணம்' என்கிற இடத்தில் நிறுத்திவிட்டார். அத்தை விடவில்லை. "ஏன்யா நிறுத்திட்ட? படி" என்றார்கள். அவர் குரலை இறக்கிப் படித்தார். அப்போதும் அத்தை, "காதுல விழுகலை, சத்தமாப் படிய்யா" என்றார்கள். குழாயடியில் ஆறு குடம் நிரம்பி வழிந்தது. ஒருத்தியும் குழாயை மூடவில்லை.

ஜெயித்த மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. உங்களை அத்தனை பேர் நடுவில் நிறுத்திவிட்டேனே என்றுதான் இருந்தது. அதற்காக, கேட்டது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

அத்தை அதை வாங்கி மடியில் செருகிக்கொண்டார்கள். சாயங்காலம் கார்டை என்னிடம் நீட்டி, "சாப்பாட்டைப் பத்தி ஏதாச்சும் எழுதியிருக்கானா, பாரு" என்றார்கள். "இல்லத்தை" என்றேன். அதன் பிறகுதான் அழுதார்கள். என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கேட்கிற ஆளும் இல்லை. ஆனால் திங்கட்கிழமை அடுத்த தெரு சொர்ணலதா வீட்டிலிருந்து மகளின் வளைகாப்புக்கு அழைக்க வந்தார்கள். அத்தையை மட்டும் அழைத்தார்கள். அத்தை இருந்த இடத்திலிருந்தே, "எம் மருமகளும் வருவா. அவளையும் வாயெடுத்துக் கூப்பிடு" என்றார்கள்.

நேற்றுப் போனேன். பச்சை வளையல் இரண்டு போட்டுவிட்டேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாப் போடுங்கக்கா" என்றாள். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து அழுதேன், ஆனால் கதவைச் சாத்தவில்லை.

செடிகளை வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. உங்கள் மேல் இருக்கிறது. அதைக் கடிதத்தில் எழுதக் காகிதம் போதாது. அத்தையே என்னைப் போய் வரச் சொல்லிவிட்டார்கள். பத்து நாள் பக்கத்து வீட்டுக்காரி துணைக்கு இருப்பாள். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். சண்டை போடத்தான் வருகிறேன். இரண்டு பேருக்குமாக உலை வைத்திருங்கள்.

சோணையம்மாள்